எயினியின் கிளியைக் கேட்ட பொய்யோலை

ஏழு குன்றும் இரண்டு ஆறும் உடைய நெடுமலை நாட்டரசி நறுமுகைத் தேவியார், கருங்கல்லூர் மதிற்பணித் தலைவர் ஆதனாருக்கு விடுக்கும் திருமுகம். உம் ஊரில் மழை தவறாதிருக்க. கல் சுமப்போர் தோள் நோகாதிருக்க.

இதை எழுதும் கை உம்மிடம் கல் சுமக்கும் கோடனுடையது. நம் பெயரால் பொய்யோலை எழுதிய கையே மெய்யோலையும் எழுத வேண்டும் என்பது நம் தீர்ப்பின் முதற்பகுதி.

சாரத்துக்கு இலவமரம் வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சைக் கோடனே மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் மனைவி எயினி தினையை ஊறவைத்து அரைத்து, விரல் நுனியால் ஊட்டிப் பிழைக்க வைத்தாள். பிழைத்த கிளி அவள் தோளை விட்டு இறங்கவில்லை. பகலெல்லாம் சுமந்து முதுகு கன்றி வருகிறவன் அவள் அருகில் உட்கார்ந்தால் கடித்தது. எயினியோ, "வந்ததும் வராததுமா ஏன் கிட்ட வர்றீங்க, அது மிரளுதில்ல" என்று அவனைத்தான் கடிந்தாள். கிளிக்கு மூன்று செல்லப்பெயர்கள் இருந்தன. அவனுக்கு ஒன்றுகூட இல்லை. உடன் சுமப்பவர்கள் வேறு, "கோடா, உங்க வீட்டுப் பெரியவர் சாப்பிட்டாச்சா" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன், ஒரு நறுக்கோலை எடுத்து, கிளியை அரண்மனைக்கு அனுப்புமாறு நாம் கேட்டதாக எழுதி, அரக்கில் தன் கட்டைவிரலை அழுத்தி முத்திரை என்றான். எயினிக்கு எழுத்துத் தெரியாது. நம் நாட்டு வழக்கப்படி ஓலைக்கு மஞ்சள் பூசி, எழுந்து நின்று கேட்டாள், அவனே படித்தான். தானே எடுத்துப்போய்க் காட்டில் விட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். அவளோ கூண்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அரசி கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? என் கையால இல்லாம இது ஒரு மணி தினைகூடத் தின்னாது. நானே போறேன். பானையில சோறு இருக்கு" என்று நடந்துவிட்டாள். அவன் பொய்யை ஒப்புக்கொள்ளாமல் தெருமுனைவரை அவள் பின்னால் போய்த் திரும்பிவிட்டான்.

மூன்று நாள் நடந்து நம் வாசலில் நின்றவளிடம் நாம் கிளி கேட்கவில்லை என்றோம். ஓலையை நீட்டினாள். வாழ்த்தும் இல்லை, பட்டமும் இல்லை. எடுத்த எடுப்பில் "கிளியைக் கொடு" என்றிருந்தது. மறுநாள் கோடன் ஓடிவந்து விழுந்து ஒப்புக்கொண்டான்.

அரச முத்திரையைப் பொய்யாக இட்டவன் விரலை இழப்பது முறை. எயினியையே கேட்டோம். விரல் வேண்டாம் என்றாள். கிளியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ரெண்டு வருஷமா எழுத்துப் படிச்சார். எனக்குன்னு எழுதினது இது ஒண்ணுதான். அதையும் இன்னொருத்தி பேர்ல எழுதியிருக்கார்" என்றாள். நம்மை இன்னொருத்தி என்றதை நாம் பிழையாகக் கொள்ளவில்லை. இவ்விடத்தில் எழுத்தாணி நின்றது. மேலே எழுதச் சொன்னோம்.

ஆகவே எயினி கிளியோடு நம் அரண்மனையில் தங்குவாள். கோடன் தன் பெயரில், தன் சொல்லில், அவளைத் திரும்பி வரச் சொல்லி ஓலை எழுத வேண்டும். நாம் அவளுக்குப் படித்துக் காட்டுவோம். போவதும் இருப்பதும் அவள் விருப்பம். அதுவரை அவனுக்கு நாள்தோறும் அரைப்பொழுது ஓய்வும் வேண்டுமளவு ஓலையும் கொடுப்பீராக. இது நம் ஆணை. நம் மெய்ம்முத்திரை இதன்கீழ் இட்டோம்.

முத்திரை காயுமுன் எயினி சொல்லிச் சேர்த்தது: அந்த ஓலை கிளியை நலம் கேட்டுத் தொடங்க வேண்டும்.