வந்த நாளில், இன்று

நாகர்கோவில்,
1932 ஆகஸ்டு 11.

கொழும்பில் ஜவுளி வணிகம் நடத்தும் மதிப்பிற்குரிய மத்தியாஸ் அவர்களுக்கு, வக்கீல் யேசுரத்தினம் வந்தனம் கூறி எழுதுவது.

இங்கே மழை போதிய அளவு பெய்திருக்கிறது. என் உடல்நலத்துக்குக் குறைவில்லை. தங்கள் பணத்தில் நடக்கும் நம் ஏழைப் பிள்ளைகள் விடுதியில் இருவருக்குக் கண்டிருந்த அம்மை இறங்கிவிட்டது.

தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. நம் விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட நிழற்படங்களைக் கண்டு, தங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கண்கலங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செப்டம்பர் மாத நன்கொடைக் கூட்டத்தில் அவற்றைப் பெரிதாக்கி மேடையில் வைப்பதாகவும், ஆண்டு மலரில் அச்சிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவற்றைப் பற்றி நான் ஏன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது எழுதுகிறேன்.

படம் எடுக்கப்பட்ட நாளில் ஒரு வழக்கின்பொருட்டு நான் திருவனந்தபுரத்தில் இருந்தேன். "வந்த நாளில்" என்று அடியில் எழுதிய படத்தில் நம் பிள்ளைகள் கந்தலில் நிற்கிறார்கள். "இன்று" என்று எழுதிய படத்தில் அதே பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் எண்ணெய் தடவி வாரிய தலையுமாக நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் கடந்ததாகப் பார்ப்பவர் நம்ப வேண்டும். நான் கோர்ட்டில் சாட்சியங்களைப் பார்த்துப் பழகியவன். இரண்டு படங்களிலும் முற்றத்துப் பலா மரத்தின் நிழல் அதே துவைகல்லின்மேல் விழுந்து கிடக்கிறது. ஒரு பிள்ளையும் விரற்கடை அளவுகூட வளரவில்லை. அழுவதற்கென்று கூடுகிறவர்கள் நிழலைக் கவனிக்க மாட்டார்கள் என்று தாங்கள் நம்பியது சரிதான்.

நம் விடுதியை நடத்திவந்த ரசலையனுக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிகள் போதிய கந்தலாகத் தெரியவில்லை. ஆகவே வண்டிக்காரர்களிடமும் சமையற்கட்டிலும் துணி திரட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் அதைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வேஷம் என்று நினைத்து ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்திருக்கிறார்கள். "ஏலே, சிரிக்காத. பட்டினி கெடந்தவனப்போல நில்லு" என்று சொல்லி ஒருவன் தலையில் குட்டியிருக்கிறார். சமையல் செய்யும் பூங்கனி வெளியே வந்து பார்த்துவிட்டு, "சட்டி பிடிக்குத துணியக் காணல்லியேண்ணு காலையில இருந்து தேடுதேன். அது பிள்ளைக்க மேலில கெடக்குது. நனச்சுத் தொவச்சாவது உடுத்தியிருக்கப்பிடாதா, சாரே?" என்று கேட்டாளாம். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்து முடித்தார்கள்.

அந்த வரிசையில் எல்லாரிலும் உயரமாக நிற்பவன் பொன்னுலிங்கம். வயது பதினாறு, பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. தகப்பன் இல்லை. தாய் முத்துக்கனி கருங்கல் பக்கத்தில் தேங்காய்த் தொண்டு தல்லி, நார் எடுத்துக் கயிறு திரிப்பவள். அடுத்த ஆண்டு இவனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். இரண்டாம் படம் எடுத்து முடிந்ததும் அவன் புதுச் சட்டையைக் கழற்றி, மடித்து, ரசலையனின் மேசைமேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான்.

ரசலையனை விசாரித்தேன். அவர் தடுமாறவில்லை. "படத்தில இருக்கது பொய்யா, சாரே? பிள்ளைய ஏழைய தானே? பிள்ளைய கொழுத்திருக்கு, பாத்தா யாரும் ஒண்ணும் தரமாட்டாவண்ணு கொழும்பு மொதலாளிதான் எழுதியிருந்தாவ" என்றார். அவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினேன். படக்காரரிடமிருந்து கண்ணாடித் தகடுகளை வாங்கி என் கையாலேயே உடைத்தேன். ஆனால் ரசலையன் கூலிக்குச் செய்தவர். என் அருவருப்பு முழுவதையும் அவர்மேல் செலவிட்டுத் தீர்க்க நான் விரும்பவில்லை.

நாம் இருவரும் மிஷன் போர்டிங்கில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒருமுறை வெளிநாட்டு விருந்தினர் வந்தபோது, விலா எலும்பு நன்றாகத் தெரிகிறது என்று தங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெஞ்சின்மேல் ஏற்றிக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு சீமாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் கொடுத்தாள். இறங்கி வந்ததும் அதை நாய்க்குப் போட்டீர்கள். எங்கள் எல்லாருக்கும் பசி. உங்களை அடிக்காத குறை. அப்போது நீங்கள் சொன்னது: "எனக்குப் பசிச்சா நான் கேப்பேன்லே. காட்டமாட்டேன்." அந்த வார்த்தையைச் சொன்னவனுக்கு இனி நீங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மத்தியாஸ், தோளில் துணி போட்டதற்காகத் தெருவில் மேல்சாதியாரிடம் அடிவாங்கிய பெண்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஒரு பிள்ளையின் சட்டையைக் கழற்றிக் கந்தலை மாட்டச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? வறுமை உனக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால் அறியாமை என்று விட்டுவிடுவேன். உனக்கு அது நன்றாகத் தெரியும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தவன், அந்த இடத்தையே கடைவாசலில் தொங்கவிட்டு விலை கூவுகிறாய்.

சென்ற சனிக்கிழமை கருங்கல் சந்தைக்குப் போனேன். பொன்னுலிங்கம் வாழைக்குலை சுமந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் குலையை இறக்கிவைத்துவிட்டு மரியாதையாகத்தான் நின்றான். வகுப்புக்குத் திரும்பச் சொன்னேன். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "எனக்க அம்ம கிழிசலத் தைக்காம ஒரு நாளும் எனக்குத் துணி தந்ததில்ல, சாரே. அந்தப் படத்தப் பாக்குதவன் அவளப் பத்தி என்ன நெனப்பான்?"

அந்தப் படம் எங்கேயும் இல்லை என்று ஆனால் வருகிறேன், அதுவரை கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இந்த மாதம் முடிவதற்குள் அவன் திரும்பாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பெயரை நீக்கிவிடுவார்கள். தலைமையாசிரியர் என் முகத்துக்காகப் பொறுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவன் சந்தையிலேயே நின்றுவிடுவான்.

உன் பணம் இனி வேண்டாம் என்று எழுத எனக்கு மிகுந்த ஆசை. எழுத முடியவில்லை. நாளைக் காலையில் பூங்கனி உலை வைக்க வேண்டும். என் வக்கீல் வருமானம் அத்தனை பேர் வயிற்றுக்குக் காணாது. உன் பணத்தை மறுக்க எனக்கு முடியாது என்பது படம் கேட்டபோதே உனக்குத் தெரியும். இதில் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பானது அதுதான். இதை எழுதுகிற கையும் உன் சோற்றைப் பரிமாறுகிற கைதான் என்பதை நான் உணராமல் இல்லை.

ஆகையால் உன்னிடம் கேட்கிறேன். இரண்டு படங்களையும் கொளுத்திவிடு. பெரிதாக்கியவை இருந்தால் அவற்றையும், அச்சுக்குக் கொடுத்தது இருந்தால் அதையும் திரும்ப வாங்கிக் கொளுத்து. பிறகு பொன்னுலிங்கத்துக்கு இரண்டு வரி எழுது. எழுத்தரிடம் கொடுக்காதே, உன் கையால் எழுது. படம் இல்லாமல் போயிற்று என்பதை முதல் வரியில் எழுது. இரண்டாம் வரியில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். மறு தபாலிலேயே அனுப்பு, தாமதமானால் அவனுக்குப் பயன்படாது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். உன் மக்களும், அவர்களுக்குப் பிறக்கப்போகிற மக்களும், யாருடைய கண்ணீருக்காகவும் எங்கும் நிறுத்திவைக்கப்படாமல் வாழ ஆண்டவர் அருள்வாராக.

யேசுரத்தினம்