அக்கா வைத்த வைக்கோல்

திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறு, இரவு.

அக்கா மறுபடி ஜெபம் செய்வாள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பாலக்கோட்டில் என் வாக்கு என்றைக்குப் பொய்த்தது? மகன் கோபித்துக்கொண்டு பெங்களூர் போனதிலிருந்து கோயில் பக்கமே போகாதவள், இன்று வீட்டுக் கிறிஸ்மஸ் குடில் முன்னால் மண்டியிட்டாள். பிடித்ததை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் பாலனின் தொட்டிலில் ஒரு வைக்கோல் வைப்பது எங்கள் வழக்கம். காபியை விட்டிருக்கிறாள். தொட்டில் நிறைந்துவிட்டது.

“கிறிஸ்மஸுக்கு வர்றேன்னு அவனே சொன்னானாடா?”

“அழுதுக்கிட்டே சொன்னான்க்கா. உன் கையால கறிக்கொழம்பு வேணுமாம்.”

“உங்ககிட்ட போன்ல மாட்டுனா யாருங்க அழ மாட்டாங்க?” என்றாள் என் மனைவி.

அக்கா சிரித்துக்கொண்டே மகன் கட்டிலில் புதுப் போர்வை விரித்தாள். நான்தான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அழுகையும் கறிக்குழம்பும் நான் சேர்த்த மசாலா, போகட்டும். அவனிடமிருந்து ஒரு போனாவது உண்மையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.