மடையோரத்து வயலும் மதினியின் கோபமும்

மதினி,

குளம் இறங்கிக்கொண்டே போகிறது. பாசி காய்ந்து, மீன் செத்து, சேறு வெடிக்கிற அந்த நாற்றம் இன்று காலை கூட்டத்துக்குப் போகிற வழியிலேயே மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைப்புதான் வந்தது. நாற்றத்தோடா என்னை நினைக்கிறாய் என்று ஏசுவீர்கள். ஏசுங்கள், அந்த ஏச்சைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

மழை பெய்யாமல் இல்லை. மார்கழியில் விட்டுவிட்டுப் பெய்ய வேண்டியதெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்தது. குளம் தாங்காமல் வழிந்தோடி வான் பாய்ந்தது. நிற்க வேண்டிய தண்ணீர் ஆற்றோடு போனது. அதன் பிறகு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாத்தளைக்குப் போனால் கடைக்காரர், "உங்க நாவுலப் பக்கம் வெள்ளமாமே" என்கிறார். வெள்ளம் பார்த்த அதே வருசம் சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன அந்த வருசமும் இப்படித்தான் குளம் வற்றியது. போகம் தொடங்குமுன் கூடும் கன்னக் கூட்டத்தில் 'பெத்ம' என்று முடிவானது. மடைக்குக் கிட்ட உள்ள வயல்களை மட்டும் விதைப்பது, அவற்றையும் அந்த ஒரு போகத்துக்கு ஊரார் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது. உங்கள் வயல் மடையோரம். என் துண்டு கடைசி வாய்க்காலில். பிள்ளைகளோடு நான் தனியாக நின்ற நேரம். எனக்கு உங்கள் வயலிலேயே பங்கு விழுந்தது.

"எங்க வாப்பா சீதனமாத் தந்த வயல்ல நீ வெதைக்க, நான் வரம்புல நின்னு பாக்கணுமா? வயிறு எரியுது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். என் கூடப்பிறந்த நானாவைக் கட்டி வந்த நாளிலிருந்தே மனதில் ஒன்று, வாயில் ஒன்று வைக்கத் தெரியாதவர் நீங்கள். அறுவடை வரைக்கும் முணுமுணுப்பு ஓயவில்லை. ஆனால் முறைத் தண்ணீர் வரும் நாளில் வாய்க்காலை முதலில் என் பக்கம் திருப்பிவிட்டவரும் நீங்கள்தான். "சும்மா பாத்துக்கிட்டு நிக்காம வரம்பை அடை" என்று அதற்கும் ஏசினீர்கள். அந்த நெல்லைத்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் வயலை நான்தான் செய்கிறேன். கட்டாரில் இருக்கும் உங்கள் மகன், "மாமி, நீங்களே செய்ங்க" என்று சொல்லிவிட்டான். தண்ணீருக்கு முதல் ஆளாக இருப்பது எவ்வளவு சுகம் என்று நானும் கண்டுகொண்டேன். இன்று கூட்டத்தில் அதிகாரி, பெத்மதான் வழி என்றார். அப்படியானால் என் விதைப்பில் பாதி, கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் சோமாவுக்கு. பாதி போனால் வீட்டுச் சாப்பாட்டுக்கே இழுபறி. மடையோரத்துக்காரர் சிலர் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. சோமா தலை நிமிரவே இல்லை. அவள் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது, மதினி. அன்று உங்களுக்குக் கொடுக்க மனம் இருந்தது, வாய்தான் பொல்லாதது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை. மனம் இருந்திருக்காது. மனம் இல்லாமலேதான் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் என்னாலும் முடியும் என்று பட்டது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கை தூக்காதவர்கள்தான் அதிகம், பெத்ம நிலைத்தது.

வெளியே வந்தபோது சோமா பக்கத்தில் வந்து, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, கோபமா?"

"கோபம்தான்" என்றேன். "நாளைக்குக் காலையிலேயே மம்பட்டியோட வா. வரம்பு போடணும்."