ஜில்பேருக்கு நடும் கல்

வக்குவா,
4 அக்டோபர் 1967.

அன்பிற்குரிய மகள் தெய்வானைக்கு,

முருகன் திருவருளால் நானும் உன் அம்மாவும் குறைவின்றி இருக்கிறோம். இலண்டன் ஆசுபத்திரியில் பிறர் நோயைப் பார்த்துக்கொள்ளும் உன் உடம்பை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருவேளையும் வேண்டுகிறோம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இவ்வூர் ஈரத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிற்று. ஆனாலும் சந்தைக்கு நடந்துதான் போகிறாள். பஸ்ஸில் போ என்றால், நீங்க போங்க, எனக்குக் கால் இருக்கு என்கிறாள். இனி எழுதப்போவதை அவளிடமும் நான் முழுவதும் சொல்லவில்லை. நீ நிதானமாகப் படி.

சந்தைச் சதுக்கத்தில் பழைய கரும்பாலைத் துரையின் வெண்கலத் தலை நிற்கிறதல்லவா, அதற்கு எதிரே, முப்பத்தேழாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் குண்டுபட்டு இறந்த ஜில்பேருக்குக் கல் நடவேண்டுமென்று நகரசபையில் பேச்சு எழுந்தது. சுதந்திரக் கொடி ஏறுமுன் நட்டுவிட வேண்டுமாம். உடனே ஊர் பிரிந்தது. துரைக்கு எதிரே கலகக்காரன் கல்லா என்றனர் சிலர். தலையைப் பெயர்த்துக் கடலில் போட்டுவிட்டுக் கல்லை நடுங்கள் என்றனர் சிலர். நம் கோவிலாரோ, மாதா கோவில்காரனுக்கு நாம் ஏன் பரிந்து பேசவேண்டும் என்று ஒதுங்கினர். அவன் பாட்டனும் என் பாட்டனும் ஒரே கப்பலில் இத்தீவுக்கு வந்த தமிழர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வாய் திறக்கவுமில்லை. ஆலைத் தரப்பார் சொன்னது வேறு: ஜில்பேர் தொழிலாளர் சார்பில் பேச வந்தவனே அல்லன், குடித்துவிட்டு வழியே போனவன், கூலி கேட்டுத் தொழிலாளர் கொடுத்த மனுவில் அவன் பெயரே இல்லை என்றனர். மனுவில் அவன் பெயர் இல்லாதது உண்மை. அதை எழுதியவன் நான், முதற்பெயரும் என்னுடையது. ஆகவே என்னை அழைத்தார்கள். சபை எழுத்தர் ஃப்ரான்சிஸ், மிஸ்யே மருதை, அன்று ஜில்பேர் உங்கள் எல்லோருக்காகவும் பேசத்தான் போனானா என்று மரியாதையாகக் கேட்டார். நான் அன்று அங்கே இல்லை, பார்க்கவில்லை என்று விடைகூறிவிட்டு வந்தேன்.

நடந்ததை இப்போது உனக்கு எழுதுகிறேன். ஆடித் திருவிழாவுக்காக நான் கையில் காப்புக் கட்டியிருந்தேன். அதை அவிழ்க்கும்வரை ஊரெல்லை தாண்டலாகாது, சாவுத் தீட்டுப் படலாகாது என்னும் முறை நீ அறிந்ததே. ஆலையோ எல்லைக்கு அப்பால் இருந்தது. மனுவைப் பற்றிப் பேச வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள் என்று துரை திடீரென்று ஆளனுப்பினான். ஐந்து நாள் பொறுங்கள், காப்பு அவிழ்ந்ததும் நானே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அடுப்பில் உலை ஏறாத வீட்டார் எப்படிப் பொறுப்பார்கள்? ஜில்பேர்தான் சிரித்தான். நீ சாமியோட இரு மருதை, நான் போய்ட்டு வர்றேன், உன் வெள்ளைக் கோட்டை மட்டும் குடு, இந்தக் கிழிசலோட போனா துரை என்னை மாட்டுக்குப் புல்லு கேக்க வந்தவன்னு நெனச்சுக்குவான் என்றான். கொடுத்தேன். பத்து மணிக்குள் சுட்டுவிட்டார்கள்.

மகளே, இந்த முப்பதாண்டில் அவனுக்காக நான் அழுததைவிட அவன்மேல் பொறாமைப்பட்டதே மிகுதி. ஆநிரை மீட்டு விழுந்த மறவனுக்குக் கல் நடுவார்கள், அதில் பெயர் பொறிப்பார்கள், மயிற்பீலி சூட்டுவார்கள் என்று மாலைப் பள்ளியில் உங்களுக்கெல்லாம் விரித்துரைத்தவன் நான். அந்தக் கல், தமிழில் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாதவனைத் தேடி வருகிறது. அழுக்காறு நெஞ்சைச் சுடும் தீ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே வாய்தான் பார்க்கவில்லை என்றது.

சபையில் நான் அப்படிச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் ஜில்பேரின் தங்கை அந்துவானெத் நம் கோவிலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், வாசலில் நின்றபடியே கூப்பிட்டாள். அவள் கிரியோல் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: என்ன மருதையண்ணே, நீ பார்க்கலையாமே? சரி, உன் கண்ணு பார்க்கல. உன் கோட்டு பார்த்துச்சே! கை வெறைச்சுப்போயி கழட்ட முடியாம அதோடதான் பொதைச்சோம். தோண்டி அதைச் சாட்சி சொல்லச் சொல்லட்டுமா? அப்போதும் நெஞ்சில் முதலில் எழுந்தது இரக்கமன்று. என் கோட்டுக்குக் கிடைத்த இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல்தான். அது எழுந்த பிறகே என்னை நான் கண்டேன்.

அன்றே சபைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். பேசப் போகவேண்டியவன் நான்; காப்பை அவிழ்க்க மனமின்றி ஜில்பேரை அனுப்பினேன்; அவன் குடித்திருக்கவில்லை; எங்கள் அனைவருக்கும் வாயாக நின்றவன் அவனே என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கல் நடுவது உறுதியாயிற்று. விரதத்தைப் பழித்து எழுதிவிட்டேன் என்று கோவிலில் இப்போது எவரும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மனு எழுதியவர் என்று கல்லின் அடியில் உங்கள் பெயரையும் சிறிதாகப் பொறிக்கலாமே என்று ஃப்ரான்சிஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு சொல்லை நான் இழுத்திழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மேசைமேல் கிடந்த காகிதங்களையெல்லாம் அடுக்கி, கயிறும் கட்டிவிட்டார்.

உன் தோழி சில்விக்கு மேற்பதவி கிடைத்தது முதல் அவளோடு பேசவில்லை என்று எழுதியிருந்தாய். என் குணம் உனக்கும் வந்திருக்கிறதே என்று அஞ்சியே இவ்வளவும் எழுதினேன். இன்றே அவளோடு பேசு.

எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. வேலன் துணை நிற்பான். அம்மாவின் ஆசியும் இதனுள் உண்டு. குளிரில் காதை மூடிக்கொள். இன்னொன்றை மறவாதே: அங்கே மாதா கோவிலில் ஜில்பேர் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்று. நான் ஏற்றினால், அந்தச் சுடரையும் என் வீட்டு விளக்கையும் பக்கத்தில் வைத்து, எது உயரம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்னை நெஞ்சில் வைத்திருக்கும் தந்தை,
மருதை