பக்கம் 112, முதல் வரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? மின்னஞ்சலில் கேட்டால் ஒரே வரியில் தட்டிக்கழிப்பாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் வலையமைப்புப் பாதுகாப்புக் கையேட்டின் 112ஆம் பக்க அட்டவணையை எங்கள் மருந்துக் கிடங்கின் கணினி வாசலைக் காக்கும் ஃபயர்வாலில் அப்படியே ஏற்றினேன். ஒன்பதாம் நாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. கைபேசியில் கிடங்குக் கணினியின் முகவரியைத் தட்டினேன். சரக்குப் பட்டியல் முழுதும் பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தது!

ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். உன் அட்டவணையில் ‘எவரும் வரலாம்’ என்பது முதல் வரி. ‘வெளியாட்கள் கிடங்குக்குள் வரக்கூடாது’ என்பது நான்காவது. நான்காவதற்கு வேலையே வரவில்லை. வரிசையை மாற்றினேன், கதவு மூடிக்கொண்டது. வேறு காரணம் ஏதும் உண்டா, அக்கா? மண்டை குடைகிறது.

உன் தம்பி

மார்ச் 15

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

மாமா சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக வகுப்பெடுக்கிறவளுக்கு வரிசை தெரியாதா? அச்சகத்தில் மாற்றியிருப்பார்கள். நீ சோற்றில்கூடக் கல் தேடிவிட்டுத்தான் சாப்பிடுவாய். வேறென்ன கண்டுபிடித்தாய்? உன் பிரதியில் குறித்து அனுப்பு. கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பிரதியை அனுப்பியிருக்கிறேன், பென்சில் குறிகளோடு. இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் என்கிறாய், பக்கம் 140. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதானே அதற்கு அர்த்தம்? திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு போடுவானே!

ஒன்பது நாள் கதவு திறந்து கிடந்ததை நானே மேலாளரிடம் சொன்னேன். “புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு? கொண்டாங்க, பாக்கலாம்” என்றார். நீ பார்த்துவிட்டுப் பிரதியைச் சீக்கிரம் திருப்பி அனுப்பு, அவரிடம் காட்ட வேண்டும்.

உன் தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

நல்ல செய்தி. மறு அச்சு வந்துவிட்டது. நீ குறித்த எல்லாவற்றையும் திருத்திவிட்டோம், சத்தமில்லாமல். பதிப்பாளர் பிழைகளை அறிவித்துத் திருத்தச் சீட்டு போடலாம் என்றார். பெயர் கெட்டுவிடும், வேண்டாம் என்றேன். உன் கிறுக்கல் பிரதி இனி எதற்கு? இங்கேயே இருக்கட்டும். மேலாளருக்கே புதுப் பிரதி அனுப்பியிருக்கிறேன், என் கையெழுத்தோடு. சந்தோஷம்தானே?

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

மேலாளர் 112ஆம் பக்கத்தைத் திறந்தார். வரிசை சரியாக இருந்தது. “உங்க அக்கா சரியாத்தானே எழுதியிருக்காங்க? தப்பு பண்ணதுகூடப் பரவாயில்ல. அதை அவங்க தலையில கட்டப் பாத்தீங்களே!” என்றார். விளக்க விளக்க நான் இன்னும் பெரிய புளுகன் ஆனேன். விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் போகட்டும். அவர் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் விடமாட்டேன் என்கிறது. பழைய அச்சை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? அவர்கள் கதவெல்லாம் இப்போது எப்படி இருக்கும்?

தம்பி

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆயிரத்து நூறு பேர். பதிப்பாளரிடம் கேட்டேன்.

நேற்று வகுப்பில் பழைய பிரதியின் 112ஆம் பக்கத்தை எல்லோரையும் திறக்கச் சொன்னேன். “முதல் வரி தப்பு. எழுதினது நான், கண்டுபிடிச்சது என் தம்பி” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?” என்று கேட்டாள். “ரெண்டு மாசமா” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அச்சகத்தின் மேல் பழி போட்டேனே, அதுவும் பொய். நான் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

திருத்தச் சீட்டு அச்சாகிறது. ஆயிரத்து நூறு பேரையும் தேடச் சொல்லியிருக்கிறேன். உன் பிரதியையும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நான் எழுதிய கடிதத்தையும் உன் மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர் நம்புவாரா, தெரியாது.

வேலை திரும்பக் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

உன் அக்கா