ஐஸ் வாங்கப் போன அண்ணன்

அண்ணே,

போன வாரம் எனக்கும் ஒரு சம்மன் வந்தது. கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனேனாம். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் என் காரின் பின்பக்கமும் நம்பரும் தெரிகின்றன. ஓட்டிக்கொண்டு போனவள் அழுததெல்லாம் அதில் எங்கே விழப்போகிறது? தேதியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போன நாள் அது.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "வெச்சிரு லா, டிஸ்கவுண்ட் போடுவாங்க, அப்ப கட்டிக்கலாம்" என்றார். இந்த ஊரில் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். தள்ளுபடி அறிவிக்கும்வரை சம்மன் டிராயரில் தூங்கும். நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் அதை எடுத்துக்கொண்டு கோர்ட் ஏறினீர்கள். ஏறியும் வாயைத் திறக்காமல் இறங்கி வந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். சீர்த்தட்டு, பழத்தட்டு, கூறைப்புடவை எல்லாம் வந்தன. தாலி மட்டும் வரவில்லை. முதல் நாள் இரவு சாமி ரூமில் வைத்துக் கும்பிட்ட அத்தை, காலை அவசரத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். என் மாமியாரை அப்போதுதான் நான் 'அத்தை' என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். தட்டுகளை அடுக்கும்போது அவர் முகம் வெளுத்ததை முதலில் பார்த்தவர் நீங்கள்தான். அவர் உங்களைத் தூண் பக்கம் இழுத்துப் போய், "தம்பி, வெளிய தெரிஞ்சா நம்ம சனம் என்ன பேசும்னு ஒங்களுக்கே தெரியும். தாலியையே மறந்துட்டு வந்த வீடும்பாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒன்னு ஆனா இதத்தான் சொல்லுவாங்க" என்று அழுதாராம்.

நீங்கள் கேட்டது வீட்டுச் சாவி ஒன்றைத்தான். "சாவிய கொடுங்கத்தே. நான் போயிட்டு வந்துர்றேன்."

அண்ணி வந்து என் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, எனக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் "மெதுவா பண்ணுங்க, அவசரமே இல்ல" என்றார். ஐயர் மந்திரத்தை நீட்டினார். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கூறைப்புடவையின் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்தார்கள். நான் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்து, கிள்ளானிலிருந்து வரும் சாலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சுபாங் ஜெயா வந்திருப்பீர்களா, பெட்டாலிங் ஜெயா தாண்டியிருப்பீர்களா என்று.

நல்ல நேரம் முடியப் போகும்போது பின்வாசலில் வந்து நின்றீர்கள். மஞ்சள் துணியில் சுற்றிய தாலி சட்டைப் பையில் இருந்தது. வழியெல்லாம் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை பையின் மேலுமாக ஓட்டி வந்ததாகப் பிறகு சொன்னீர்கள். அத்தையின் கையில் அதைக் கொடுத்தீர்கள். அதற்குள் ரோட்டை மறித்து நின்ற உங்கள் காருக்குப் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காரை நகர்த்தப் போனீர்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைப்பது என்ன சுலபமா? நீங்கள் திரும்பி வந்தபோது தாலி ஏறிவிட்டது. கல்யாணப் படத்தில் உங்கள் இடத்தில் பெரியப்பா மகன் நிற்கிறான். மேடைக்குக் கீழே சட்டையெல்லாம் நனைந்து நின்று, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்து, "நேரத்துக்கு வந்துட்டேனா பாப்பா?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நாளில் சம்மன் வந்தது. உங்கள் லைசன்ஸில் ஏற்கெனவே புள்ளிகள் விழுந்திருந்தன. இன்னொன்று சேர்ந்தால் லைசன்ஸை முடக்கிவிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு அது பிழைப்பே போகிற காரியம். அதனால்தான் பணத்தைக் கட்டி முடிக்காமல், "மாஜிஸ்திரேட்டும் மனுஷிதானே பாப்பா. காரணத்தச் சொன்னா புரியாதா?" என்று விசாரணை கேட்டீர்கள். அண்ணியை எதிரே உட்காரவைத்து மலாயில் பேசிப் பழகினீர்கள். தாலி என்றால் என்ன, நல்ல நேரம் என்றால் என்ன, அது தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மலாயில் விளக்க நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

விசாரணை நாள் வருவதற்குள் என் வயிற்றில் வந்த முதல் கரு கலைந்துவிட்டது. கோர்ட்டுக்கு நானும் சாட்சியாக வருகிறேன் என்றபோது, "ஒடம்பு முடியாதவ, வீட்ல இரு" என்றீர்கள். நான் கேட்கவில்லை. கல்யாணத்தன்று போட்ட அதே சட்டையோடு வந்திருந்தீர்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்து ஒரு தலை திரும்பியது. அத்தையின் ஒன்றுவிட்ட அண்ணன். ரேடியோ மாமா என்று நாம் பேர் வைத்த அதே ஆள். காதில் விழுந்ததைக் கிள்ளான் முழுக்க ஒலிபரப்பாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கும் ஏதோ சம்மனாம்.

"என்ன தம்பி, நீங்களுமா? எங்க அப்படிப் பறந்தீங்க?" என்றார்.

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டு, தேதியையும் இடத்தையும் உரக்கப் படித்தார்கள். "எங்க வீட்டுக் கல்யாணத்தன்னைக்கு இல்ல?" என்று ரேடியோ மாமா வாய்விட்டே சொன்னார். மாஜிஸ்திரேட் அம்மா உங்களைப் பார்த்து, குற்றத்தை மறுக்கிறீர்களா, வழக்கை நடத்தலாமா என்று கேட்டார். நான் பின்னாலிருந்து உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு என் வயிற்றை ஒரு கணம் பார்த்தீர்கள்.

"மெங்காக்கு சாலா, புவான்" என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன் அம்மா என்று. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவர் இரண்டாம் தடவையும் கேட்டார். ஒன்றும் இல்லை என்று தலையை அசைத்தீர்கள். மாதக்கணக்காகப் பேசிப் பழகிய மலாய் அப்படியே உங்களுக்குள் தங்கிவிட்டது.

வெளியே வந்ததும் ரேடியோ மாமா விடவில்லை. "கல்யாணத்தன்னைக்கு எங்க தம்பி ஓட்டம்?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஐஸ் தீந்து போச்சு மாமா. சர்பத் தண்ணி கலக்க ஐஸ் வேணும்னாங்க, அதான்" என்றீர்கள்.

நான் வண்டியில் ஏறியதும் கத்தினேன். எதற்கு வந்தோம், எதற்கு இத்தனை நாள் பேசிப் பழகினீர்கள் என்று. "லைசன்ஸ் திரும்ப வந்துரும் பாப்பா. தாலிய மறந்ததனாலதான் புள்ள தங்கலன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான்னா, அந்தப் பேச்சு போகுமா? நீ அந்த வீட்ல வாழணும்" என்றீர்கள்.

லைசன்ஸ் போனது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் விடியற்காலையில் பாசாரில் மீன் கூடை தூக்கினீர்கள். லைசன்ஸ் திரும்பக் கிடைத்தும் பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் வரவில்லை. ஆனால் ஐஸ் மட்டும் உங்களை விடவே இல்லை. தீபாவளியோ, காதுகுத்தோ, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "தங்கச்சிக்குத் தாலி ஏறும்போது ஐஸ் வாங்கப் போன ஆளு வந்துட்டாருடோய்!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அந்தச் சமயத்திலெல்லாம் அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். என் மகள் பிறந்து, வளர்ந்து, அவளும் அந்தக் கேலியைக் கற்றுக்கொண்டு, "மாமா, எனக்கும் ஐஸ்" என்று கையை நீட்டுவாள். உங்களுக்கு அதில் ஒரு சந்தோஷமே இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டது, டயாலிசிஸ், ஆஸ்பத்திரி. அன்று அண்ணி போன் பண்ணி, "ஒன்னத்தான் கேக்கறாரு, சீக்கிரம் வா" என்றபோது நான் பெட்டாலிங் ஜெயா ஆபீஸில் இருந்தேன். சாலை முழுக்க ஜாம். ஷா ஆலாம் தாண்டித்தான் கொஞ்சம் வழி கிடைத்தது. மிதித்தேன். கேமரா பிடித்தது அங்கேதான். கிள்ளான் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் போனாரு" என்றார்.

உங்களை வீட்டில் கிடத்தியிருந்தபோது ரேடியோ மாமாவும் வந்தார். கைத்தடி, நடுங்குகிற குரல். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, பிரியத்தோடுதான் சொன்னார். "தங்கமான புள்ள லா. தங்கச்சி கல்யாணத்துல தாலி ஏறும்போது ஐஸ் வாங்க ஓடின மனுஷன்." அழுதுகொண்டிருந்தவர்கள்கூட லேசாகச் சிரித்தார்கள்.

அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அவன் ஐஸ் வாங்கப் போகலண்ணே. நான் மறந்துட்டு வந்த தாலிய எடுக்கப் போனான். எங்க வீட்டு மானத்துக்காகக் கோர்ட்ல வாயத் தொறக்காம, வேலைய விட்டுட்டு நின்னான். இத்தன வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தேனே, நானும் ஒரு மனுஷியா?" என்றார். உங்கள் கால்மாட்டில் போய் நின்று கும்பிட்டார். மூத்தவர் அப்படிச் செய்யக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. ரேடியோ மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதையெல்லாம் நீங்கள் கேட்டிருந்தால், "விடுங்கத்தே" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இந்தச் சம்மனை நான் டிராயரில் போடவில்லை, அண்ணே. விசாரணை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை, "வேகமா போனது உண்மைதானே, என்ன சொல்லி வாதாடப் போற?" என்கிறார். வாதாட ஒன்றும் இல்லை. கூட வருகிறேன் என்று அத்தை இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது, தலையை அசைத்துவிட்டு வர என்னால் முடியாது. அண்ணனைப் பார்க்க ஓடினேன் என்று சொல்லப்போகிறேன். அபராதம் எவ்வளவு போட்டாலும் போடட்டும்.

கழுத்தில் கிடக்கிற தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது புருஷன் முகம்தான் வரவேண்டும் என்பார்கள். எனக்கு இத்தனை வருடமும் முதலில் கேட்பது உங்கள் மூச்சிரைப்பும் அந்தக் கேள்வியும்தான். அன்று தலையை மட்டும் ஆட்டினேன். இன்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்கண்ணே. நான்தான் வரல.