இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

பெரம்பலூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் சத்யாவுக்கு அம்மா எழுதுவது. தினமும் போனில் பேசிவிட்டு இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய், கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ “சாப்டியாம்மா” என்று கேட்டதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. பக்கத்தில் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கிறது. இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. ஹைதராபாத்தில் உனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். வாலிகண்டபுரம் பக்கம் இரண்டு நல்ல மழை பெய்தது, சித்தப்பாவின் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

எங்கள் லாரி புக்கிங் ஆபீசில் வைஃபை அடிக்கடி நின்றுபோகும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. அது நின்றால் டிரிப் சீட்டு அச்சாகாது, சீட்டு இல்லாமல் லாரி கிளம்பாது, வாசலில் டிரைவர்கள் கூடிவிடுவார்கள். “ஏங்கக்கா, சீட்டு இன்னிக்கி வருமா, இல்ல நாங்க இங்கயே வூடு கட்டிக்கவா” என்று ஒருவர் கேட்டதில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒயர் இழுத்து எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்க முதலாளி குருமூர்த்தி சார் திருச்சியில் ஆள் சொல்லியிருந்தார். அந்த ஆள் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டார். அப்போதுதான் நான், “நான் போட்டுப் பாக்குறேங்க சார்” என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்த ஆபீசில் யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “போடுங்க. சரஸ்வதி பூஜை முடிஞ்சு தடங்கல் இல்லாம ஓடணும். ஓடலன்னா திருச்சி ஆளுதான், நீங்க பழையபடி சீட்டு எழுதுற வேலையப் பாருங்க” என்றார்.

போன லீவில் நீ ஒயர் முனையில் இரண்டு கனெக்டர் அடித்துக் காட்டினாயே, அதை நினைவில் வைத்துத்தான் செய்தேன். கனெக்டரை ஒயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கிற கிரிம்பிங் டூலை கேபிள் டிவி பிரேமிடம் இரவல் வாங்கினேன். எட்டுக் கம்பியையும் உன் தலையை வகிடெடுத்துச் சீவுகிற மாதிரி நேராக்கி வரிசையில் வைத்தால், பச்சை ஜோடிக்கு நடுவில் நீலம் போய் உட்காரவேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவேன். ஒன்பது கனெக்டர் வீணாய்ப்போனது. பத்தாவதில் கை பழகிவிட்டது. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எல்லா ஒயரும் சுவரோரமாக ஓடி எல்லாவற்றையும் இணைக்கிற, மூலையில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் சேர்கிறது. எந்த முனை எந்த ஒயருடையது என்று தெரிய, என் பழைய புடவைகளைக் கிழித்து இரண்டு பக்கமும் ஒரே நிறத் துணியைக் கட்டியிருந்தேன். பூஜைக்கு முந்தின நாள் வரை சீட்டு தடங்கல் இல்லாமல் அச்சானது.

ஆயுத பூஜைக்கு பாவாடை அண்ணன் ஆபீசையே கழுவிவிட்டார். லாரியில் கிளீனராக இருந்து இப்போது எங்களுக்கு வாட்ச்மேனாக இருப்பவர், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒயரையெல்லாம் உருவி, துடைத்து, அழகாகச் சுருட்டி, பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். டிரைவர்கள் சாவியை வைத்தார்கள், சார் பில் புக்கை வைத்தார், பாவாடை அண்ணன் கிளீனர் காலத்து ஸ்பேனரை வைத்தார். நான் கிரிம்பிங் டூலுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது பிரேம் வந்து, “அக்கா, எங்க கடையிலயும் பூஜ இருக்குல்ல” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் ஒரு பேனாவை வைத்தேன், அதுவும் ஆபீஸ் பேனாதான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு சீட்டாவது போடவேண்டும் என்று சார் அவசரப்படுத்தினார். மாட்டப் போனால் ஒரு முனையிலும் துணியைக் காணோம். பாவாடை அண்ணனைக் கேட்டால், “சாமிக்கு முன்னாடி கந்தலயா வைக்கிறது? அவுத்துட்டேன்” என்கிறார். கைக்கு வந்தபடி எல்லாவற்றையும் சொருகினேன். ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை. பழைய வைஃபையாவது அவ்வப்போது வரும், இது சுத்தமாகச் செத்துவிட்டது. சார் நேரே பாவாடை அண்ணனிடம் போனார். “பொட்டிக்குள்ள தண்ணிய ஊத்திட்டியா? லாரின்னு நெனச்சியா கழுவுறதுக்கு?” அவர் ஈரத்துணியால் மேலே துடைத்ததோடு சரி என்று சத்தியம் செய்கிறார். வாசலில் ஏழு லாரி நிற்கிறது. உன்னைக் கூப்பிட்டேன், நீ மீட்டிங்கில் இருந்தாய்.

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். வழக்கமாக ஸ்விட்ச் விளக்குகள் ஒவ்வொன்றும் தன்போக்கில் மினுக்கும். அன்று எல்லாம் சேர்ந்து வெறி பிடித்த மாதிரி துடித்தன. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன். ஐந்தாவதைப் பிடுங்கியதும் அடங்கிவிட்டது. அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன், சுற்றிக்கொண்டு அதே பெட்டிக்குத் திரும்பி வந்தது. பிரிண்டர் இன்னும் மாலையோடு சாமி முன்னால் இருந்ததால் அதன் ஒயர் முனை கீழே கிடந்திருக்கிறது, அதையும் நான்தான் வேறொன்று என்று எண்ணிப் பெட்டியிலேயே சொருகியிருக்கிறேன். பெட்டி அனுப்பியதெல்லாம் அதற்கே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, மற்ற ஒயர்களுக்கு வழியில்லாமல் அடைத்துவிட்டது. சார் இன்னும் பாவாடை அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, சத்யா. ஒரு நிமிடம் மேசைக்கடியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு எழுந்து, “அவரு மேல தப்பு இல்லீங்க சார். நான்தான் ரெண்டு முனையையும் ஒரே பொட்டியில சொருவிட்டேன்” என்றேன்.

சார் போய்ப் பிரிண்டரின் மாலையைக் கழற்றி, அதை எடுத்து வந்து மேசையில் வைத்தார். சீட்டு வரிசையாக அச்சாகி, ஏழு லாரியும் போன பிறகுதான் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். “திருச்சி ஆளா இருந்தா தண்ணி பூந்துடுச்சுன்னு புதுப் பொட்டி வித்திருப்பான். நம்ம அரியலூர் ஆபீசுக்கும் நீங்களே போட்டுருங்க” என்றார். வெளியே வந்தால் பாவாடை அண்ணன், “சொருவுனது நீ, திட்டு எனக்கு. டீயாவது வாங்கிக் குடு தாயி” என்கிறார். வாங்கிக் கொடுத்தேன், வடையும் சேர்த்து. அப்பாவிடம் சொன்னதற்கு, “அரியலூர் பஸ்சு காலையில கூட்டமா இருக்கும், மொத பஸ்சுலயே போ” என்றார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் பேசுவார், உனக்குத் தெரியுமே.

நேரத்துக்குச் சாப்பிடு, காலைச் சாப்பாட்டை மட்டும் விடாதே. வாரம் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வை. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நல்ல மனிதர்கள் நடுவில் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மா எப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கேட்கலாமா வேண்டாமா என்று இத்தனை பக்கம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். தீபாவளிக்கு எனக்குப் புடவை வேண்டாம். ஒரு கிரிம்பிங் டூல் வாங்கி வா. பிடியில் கலைமணி என்று எழுதிக் கொண்டுவா. அடுத்த ஆயுத பூஜைக்கு நானும் என்னுடையதை வைக்கவேண்டும்.

உன் அம்மா,
மா. கலைமணி